ஈட்டி அசைந்த நிமிடம்

அன்தோனிதா பக்லாயெவா முதன்முதலில் வின்ச்சில் உட்கார்ந்தது பதினெட்டு வயதில். பைகால் ஏரியின் ஓல்ஹோன் தீவில், ஹூஜிர் ஊர் மீன் கூடத்தில் வடம் சுற்றி வலை இழுக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவனைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓமுல் மீன் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த நேரம். "ப்ரகோப்பியோட மூணாவது பொண்ணுக்குத் தோள் நல்லா இருக்கு, அவள உட்கார வைங்க" என்றார் மேஸ்திரி. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவன் தன் இடத்தைக் கேட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. பதினைந்து வருடம் அந்த இரும்பு நாற்காலி அவளுடையதாகவே இருந்தது.

1984-ல் அவள் கணவன் மத்வேய்க்கு இர்குத்ஸ்க் நகரத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை கிடைத்தது. குடும்பம் தீவைவிட்டுப் போனது. நகரத்தில் இழுக்க வலை ஏது? மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்து ஜன்னலைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனாள். அப்போதுதான் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் பலகையில் வின்ச் ஆள் தேவை என்ற காகிதத்தைப் பார்த்தாள்.

உள்ளே ஆள் சேர்க்கும் அறையில் இருந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் நேர்ல வரணும்மா."

"வீட்டுக்காரருக்கு ரேடியோதான் தெரியும். வின்ச் நான்."

அந்த அம்மாள் போன் பண்ணி ஒருவரை வரவழைத்தார். வந்தவர் வெனியமின் அர்க்காதியெவிச் சஸோனோவ். ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து கயிற்றால் கட்டியிருந்தது. அவர்தான் ஏரியின் அடியில் சூடு அளக்கும் குழுவுக்குத் தலைவர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆயிரத்தைந்நூறு மீட்டர் வடம் கீழ போயிருக்கு. நுனியில இருக்கறது தரையைத் தொட்டுடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"வடத்தோட இழுவையக் காட்டற முள் இறங்கும்."

"முள் கெட்டுப்போச்சுன்னா?"

"வடத்து மேல கையை வெச்சாத் தெரியும். வலையில மீன் வருதா கல்லு வருதான்னே கை சொல்லும். இது சொல்லாதா?"

மறுநாளே வேலையில் சேர்ந்தாள்.

பைகாலுக்கு அடியில் பூமி வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்துகொண்டிருக்கிறது. அந்தப் பிளவின் வழியாக உள்ளேயிருந்து எவ்வளவு சூடு மேலே வருகிறது என்று அளப்பதுதான் சஸோனோவ் குழுவின் பிழைப்பு. வருவது மிகக் கொஞ்சம். ஓர் அறை அளவு அடித்தரையிலிருந்து வருவதை எல்லாம் சேர்த்தால் ஒரு டார்ச் பல்பை எரிக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள, மார்ச் மாதம் ஏரி நன்றாக உறைந்து கிடக்கும்போது, பனிக்கட்டியை ஒரு மீட்டர் ஆழத்துக்கு அறுத்து ஓட்டை போட்டு, அதன் வழியாக ஓர் இரும்பு ஈட்டியை இறக்குவார்கள். இரண்டரை ஆள் உயரம், தலையில் கனம், உடம்பு நெடுக வெப்பமானிகள். அது ஏரியின் அடிச்சேற்றில் குத்தி நிற்க வேண்டும். மேலே உள்ள வெப்பமானிக்கும் கீழே உள்ளதற்கும் எத்தனை வித்தியாசம் என்பதுதான் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சேற்றில் பாய்ந்த வேகத்தில் ஈட்டி தானே கொஞ்சம் சூடாகிவிடும். அந்த உராய்வுச் சூடு ஆறுவதற்குக் கால் மணி நேரம் அசையாமல் நிற்கவேண்டும். ஈட்டியின் தலையில் உள்ள இரும்பு டப்பாவுக்குள் ஒரு காகிதச் சுருள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆறுவதை எல்லாம் ஒரு முள் அதில் கோடாக வரையும். மேலே எடுத்த பிறகுதான் அந்தக் கோட்டைப் பார்க்க முடியும். அதுவரை கீழே என்ன நடந்தது என்பது வின்ச்சில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்தோனிதாவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் பதினொரு வருடம் இருந்தவன் நிகிஃபோர். முதுகெலும்பு போய்விட்டது, இயந்திர அதிர்வு கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் லாரி ஓட்டப் போட்டார்கள். சறுக்குக் கட்டை மேல் கட்டிய பலகை அறைக்குள் வின்ச் இருக்கும். அந்த அறையை லாரியில் கட்டிப் பனிமேல் இழுத்துக்கொண்டு போவது அவன் வேலை. முதல் நாளே அவன் அறைக்குள் தலையை நீட்டி, "தாயே, இது வலை இல்ல. கீழ போறது இந்த தேசத்துலயே ரெண்டுதான் இருக்கு. உன் கை ஒரு தடவை வழுக்கினா நான் மறுபடி இங்க உட்கார்ந்துக்குவேன், முதுகு போனாலும் பரவாயில்ல" என்றான்.

"உட்கார்ந்துக்கோ. ஆனா முதல்ல அந்த லாரியைப் பள்ளத்துல விடாம ஓட்டக் கத்துக்கோ" என்றாள் அவள்.

முதல் குளிர்காலம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. இரண்டாவது குளிர்காலத்தில்தான் அது நடந்தது. 1986, மார்ச் ஏழு. ஸுர்கான் முனைக்கு எதிரே, கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, அன்றைக்கு நாலாவது ஓட்டை. மறுநாள் பெண்கள் தினம். குழுவில் இரண்டே பெண்கள், அன்தோனிதாவும், சேற்று மாதிரிகளைச் சோதிக்கும் ரிம்மாவும். அவர்களுக்காக ஆண்கள் நகரத்திலிருந்து ஒரு கேக்கை ஒளித்து எடுத்துவந்திருந்தார்கள். ஒளித்துவைத்த லட்சணம், காலையிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு முகாமுக்குத் திரும்பவேண்டும் என்று அத்தனை பேருக்கும் அவசரம்.

ஈட்டி ஆயிரத்து முந்நூற்று எண்பது மீட்டரில் தரையைத் தொட்டது. முள் இறங்கியது. வழக்கமாக அன்தோனிதா வடத்தை ஐந்து மீட்டர் தளர்த்தி விடுவாள், மேலே பனி கொஞ்சம் நகர்ந்தாலும் கீழே ஈட்டியை இழுக்கக்கூடாது என்பதற்காக. அன்றைக்கு ஒரு மீட்டரோடு நிறுத்திக்கொண்டாள். திரும்ப இழுக்கும்போது அரை நிமிடம் மிச்சம் என்று நினைத்தாளோ என்னவோ, பின்னால் பல முறை யோசித்தும் அவளுக்கே காரணம் பிடிபடவில்லை.

நாலாவது நிமிடத்தில் ரிம்மா கதவைக் காலால் தள்ளித் திறந்தாள். ஒரு கையில் டீக் குவளை, இன்னொரு கையில் கேக்கின் ஓரத் துண்டு. "சீக்கிரம் வாங்கு, கை வேகுது!"

அன்தோனிதா எட்டி வாங்கினாள். ஆட்டுத்தோல் கோட்டின் கை வின்ச்சை ஓட்டும் நெம்பில் மாட்டியது. அந்தக் குளிரில் இயந்திரத்தை அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று சும்மா ஓடவிட்டிருந்தார்கள். உருளை சுற்றியது. இழுவைமுள் துள்ளி எழுந்தது. அவள் நெம்பைத் தட்டிவிட்டு வடத்தைத் திரும்ப விட்டாள். முள் இறங்கியது. எல்லாம் சேர்த்து ஐந்தாறு விநாடி இருக்கும். ஆயிரத்து முந்நூற்று எண்பது மீட்டருக்குக் கீழே ஈட்டி சேற்றிலிருந்து கொஞ்சம் எழும்பி, மறுபடி குத்தி நின்றது.

"என்னாச்சு?" என்றாள் ரிம்மா.

"ஒண்ணுமில்ல. கதவை மூடு, குளிர் வருது."

இனி என்ன செய்யவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். முப்பது மீட்டர் தள்ளிக் கூடாரத்தில் இருக்கும் சஸோனோவிடம் போய்ச் சொல்லவேண்டும். அவர் மேலே இழுக்கச் சொல்வார். இழுக்க முக்கால் மணி, சரிபார்க்க அரை மணி, இறக்க அரை மணி, மறுபடி காத்திருக்கக் கால் மணி. லாரியில் நிகிஃபோர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்ததும் அவன் முகத்தில் வரப்போகும் சிரிப்பை அவளால் பார்க்க முடிந்தது. குவளையைத் தரையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி மீதிப் பதினொரு நிமிடமும் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஈட்டியை இழுத்தாள். அந்தக் கேக்கை அவள் தின்னவில்லை, ரிம்மாதான் தின்றாள்.

ஒரு கோளாறான புள்ளி, அவ்வளவுதானே, எத்தனையோ புள்ளிகளுக்கு நடுவில் கரைந்துவிடும் என்று நினைத்திருந்தாள். ஏப்ரலில் சஸோனோவ் கணக்குப் போட்டு முடித்தார். ஏரி முழுக்கச் சதுர மீட்டருக்கு அறுபது, எழுபது மில்லிவாட் என்று வந்த இடத்தில் ஸுர்கான் புள்ளியில் மட்டும் முந்நூற்று நாற்பது. சஸோனோவ் நடைவழியில் ஓடினார். ஐம்பது வயதை நெருங்கும் மனிதர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

"அன்தோனிதா ப்ரகோப்யெவ்னா! முந்நூத்தி நாப்பது! கீழ வெந்நீர் ஊத்து இருக்கணும். இல்லன்னா இவ்வளவு வராது. உங்க கையால இறக்கினது!"

அவள் வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். நாளைக்கு என்பது ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்தில் மறுபடி அளப்பதாகத்தான் திட்டம். அப்படி அளந்திருந்தால் குட்டு தானாகவே உடைந்திருக்கும். அவளும் அதைத்தான் நம்பியிருந்தாள். ஆனால் அந்த வருடம் ஸுர்கானுக்கு எதிரே பனி உடைந்து உடைந்து மேடாக உறைந்துவிட்டது. ஆள் உயரத்துக்குப் பாளம் பாளமாக நின்றது. லாரி நெருங்க முடியவில்லை. சஸோனோவ் காத்திருக்கத் தயாராக இல்லை. வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு மாஸ்கோவுக்கு எழுதினார். இரண்டு பேர் உட்கார்ந்து அடிவரை போகக்கூடிய நீர்மூழ்கிக் கலம் ஒன்றை 1987 கோடையில் பைகாலுக்கு அனுப்பச் சம்மதித்தார்கள். வருடக் கணக்கில் வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, முதல் பத்து நாள் ஸுர்கான் வட்டத்துக்கு.

கலம் ரயிலில் வந்து சேர்ந்த செய்தியை அன்தோனிதா வீட்டுச் சமையலறை ரேடியோவில்தான் கேட்டாள். பூஸா என்ற இறைச்சிக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தவள் கட்டையைக் கீழே வைத்தாள். மத்வேய் ரேடியோவை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"ஒரு வருஷமா நீ என்னமோ மாதிரி இருக்க. சொல்லப் போறியா, இல்ல நானே கண்டுபிடிக்கணுமா?"

சொன்னாள். நெம்பு, டீ, ஐந்தாறு விநாடி, எல்லாவற்றையும். மத்வேய் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"அந்தக் கலத்துல ஆளுங்க உள்ள உட்கார்ந்து போவாங்களா?"

"ரெண்டு பேர்."

"ஒண்ணரை கிலோமீட்டர் கீழ? உன் கோட்டுக் கை மாட்டினதுக்கா?"

"ஆமா."

"அப்ப ஏன் இங்க உட்கார்ந்து மாவு தேய்ச்சுக்கிட்டு இருக்க? போய்ச் சொல்லு. என்ன பண்ணிருவாங்க, ஏரியை மூடிருவாங்களா? வேலை போச்சுன்னா போவுது. கடையில ஒரு டப்பா நிறைய ரேடியோ கெடக்கு, துடைச்சு வைக்க ஆள் இல்ல."

"நான் ரேடியோ துடைக்க மாட்டேன்."

"தெரியும். அதான் சொல்றேன், போ."

மறுநாள் காலை சஸோனோவ் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றாள். அவர் வந்து, கோட்டைக் கழற்றி, பென்சிலைத் தேடி, கடைசியில்தான் அவள் நிற்பதைக் கவனித்தார். அவள் உட்காராமலே சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் மேஜைமேல் இருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கத்தவில்லை. "எத்தனாவது நிமிஷம்?" என்று மட்டும் கேட்டார்.

"நாலு. நாலு முடிஞ்சு கொஞ்சம் இருக்கும்."

அவர் அலமாரியைத் திறந்து ஸுர்கான் காகிதச் சுருளை எடுத்து மேஜையில் விரித்தார். கோடு மேலே ஏறி, வளைந்து ஆறத் தொடங்கியிருந்தது. நாலாவது நிமிடத்தில் ஒரு சின்னத் துள்ளல். அதன் பக்கத்தில் பென்சிலால் அவர் கையெழுத்தே இருந்தது: முள் தடுமாற்றம், கணக்கில் வேண்டாம்.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பார்த்திருக்கேன்," என்றார் சஸோனோவ். "அன்னைக்கே பார்த்திருக்கேன். உங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கல. ஏன்னா எனக்கு முந்நூத்தி நாப்பது வேண்டியிருந்துச்சு."

உட்கார்ந்து கணக்குப் போட்டார். சூடு ஆறும் நிமிடங்களை ஈட்டி முதலில் குத்திய நேரத்திலிருந்து எண்ணாமல், இரண்டாவது முறை குத்திய நேரத்திலிருந்து எண்ணினார். ஒரு பக்கம் எழுதி, அடுத்த பக்கத்தில் பாதி எழுதி, பென்சிலை வைத்தார்.

"எழுபத்தொண்ணு."

ஏரியில் எங்கே குத்தினாலும் வருகிற எண்.

 அவர் கண்ணாடியைக் கழற்றி, காதுக் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டினார். பிறகு, "நாளைக்குக் கூட்டம் இருக்கு. நான் பேசிக்கறேன். நீங்க வரவேண்டாம்" என்றார்.

ஆனாலும் அவள் கூட்டத்துக்குப் போனாள். நிலையத்தின் பெரிய கூடத்தில் மாஸ்கோக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள், கலத்தை ஓட்டப்போகும் ஆளும் இருந்தார். சஸோனோவ் எழுந்து, ஸுர்கான் அளவை வாபஸ் வாங்குவதாகவும், சேற்றில் இருக்கும்போது கருவி அசைந்துவிட்டதாகவும் சொன்னார். கூடத்தில் சலசலப்பு. ஒருவர் கேட்டார், "கருவி எப்படித் தானா அசையும்? பனி நகர்ந்ததா?"

சஸோனோவ் தயங்கினார். ஆமாம் என்று சொல்லிவிட்டிருந்தால் அதோடு போயிருக்கும். பின்வரிசையில் அன்தோனிதா எழுந்தாள்.

"பனி நகரல. கருவியும் தானா அசையல. வின்ச்சுல நான் இருந்தேன். என் கோட்டுக் கை நெம்புல மாட்டிச்சு. அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல."

அத்தனை தலைகளும் திரும்பின. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, என் டீயாலயா?" என்று மெல்லக் கேட்டாள்.

"பேசாம இரு."

முதலில் வாயைத் திறந்தவர் கலத்தை ஓட்டும் ஆள்தான். "அந்தச் சேத்துல பத்து நாள் தலைகீழா வெந்நீர் தேடறதுக்குப் பதிலா ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சுதே, நல்லது" என்றார். மற்றவர்களுக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. கலம் வேறொரு குழுவுக்குப் போனது. சஸோனோவுக்கு அந்த வருடம் துறைத் தலைவர் பதவி வரும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வரவில்லை, பிறகு எப்போதும் வரவில்லை. அன்தோனிதாவுக்கு எழுத்தில் கண்டனம், அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கோடை முழுவதும் வின்ச் பக்கம் போகக்கூடாது என்றும் உத்தரவு. கப்பலில் ரிம்மாவோடு சேற்று மாதிரி எடுக்கும் குழாய்களைக் கழுவினாள். முதுகில் பட்டை கட்டிக்கொண்டு நிகிஃபோர் வின்ச்சில் உட்கார்ந்தான்.

முதல் வாரம் அவன் ஆடிய ஆட்டம் சொல்லி மாளாது. டீக் குவளையை எடுக்கும்போதெல்லாம் கோட்டுக் கையை முழங்கை வரை சுருட்டிக் காட்டுவான். "பத்திரமா வாங்கணும் பாரு, இல்லன்னா மாஸ்கோவுல தெரிஞ்சிரும்" என்பான். அவள் குழாயைக் கழுவிக்கொண்டிருப்பாள். இரண்டாவது வாரம் அவன் பேச்சு குறைந்தது. ஒரு பிற்பகல் சேற்று வாளிக்குப் பக்கத்தில் வந்து, மெல்ல முதுகை வளைத்து உட்கார்ந்தான்.

"உன்ன ஒண்ணு கேட்கணும். நீ ஏன் சொன்ன?"

"கீழ ஆளுங்க போறதா இருந்துச்சு."

"போகாம இருந்திருந்தா?"

"தெரியல. சொல்லாமலே இருந்திருப்பேனோ என்னவோ."

நிகிஃபோர் விரலைச் சேற்றில் விட்டு எடுத்தான். "என் கையும் பட்டிருக்கு."

அவள் கழுவுவதை நிறுத்தினாள். "எது?"

"நெம்பு. பதினோரு வருஷம். உனக்கு ஒண்ணு, எனக்கு மூணு. ஞாபகம் இருக்கறது மூணு. ஒரு தடவை தும்மினேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"பைத்தியமா? யார்கிட்ட சொல்றது? உன்கிட்ட சொல்றேன்ல இப்ப."

"எந்தெந்தப் புள்ளி?"

"அது எதுக்கு உனக்கு?" என்று எழப்பார்த்தான். முதுகு ஒத்துழைக்கவில்லை. அவள் அவன் சட்டையைப் பிடித்தாள், சேற்றுக் கையோடு.

"எந்தப் புள்ளின்னு கேட்டேன். ஒரு வாரமா என்ன வெச்சு கூத்து நடத்தின, இல்ல? வா. மேல போய் அவர்கிட்ட சொல்லு."

"நான் ஓய்வு வாங்க ரெண்டு வருஷம்தான் இருக்கு, தோன்யா," என்று அவள் பெயரைச் சுருக்கிக் கெஞ்சினான்.

"அப்ப ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லு."

சஸோனோவ் கப்பலின் மேல்தளத்தில் இருந்தார். நிகிஃபோர் போய்ச் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல சிரிப்பென்று சொல்ல முடியாது. பதினொரு வருட வரைபடத்தைப் பிரித்து வைத்து, எந்தெந்தப் புள்ளி என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பழைய சுருள்களில் இரண்டில் ஒரு துள்ளலும் தெரியவில்லை. சுருளே நைந்து போயிருந்தது. ஆக மூன்றையும் மறுபடி அளக்கவேண்டும் என்று முடிவானது. அன்றைக்கே குறிப்பேட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டார். வின்ச்சில் இருப்பவர் ஒவ்வொரு புள்ளிக்கும் தன் கையால் எழுதவேண்டியது: அசைந்தது, அல்லது அசையவில்லை. அசைந்தது என்று எழுதினால் யாரும் திட்டக்கூடாது, மறுபடி அளந்தால் போதும் என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

1988 மார்ச்சில் அன்தோனிதா மறுபடி வின்ச்சில் உட்கார்ந்தாள். முதல் ஓட்டைக்கு முன் மோதிர விரலைப் பாலில் நனைத்து ஏரிக்குக் காணிக்கையாக மூன்று முறை தெறித்தாள். அவள் அப்பா செய்தது, அவள் எந்த வருடமும் விட்டதில்லை. முதலில் ஸுர்கானுக்குப் போனார்கள். அறுபத்தெட்டு. நிகிஃபோரின் முதல் புள்ளி, அறுபத்துமூன்று. இரண்டாவது, ஐம்பத்தொன்பது. சந்தேகம் இருந்த பழைய பெரிய எண்கள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சுருங்கிப்போயின. சஸோனோவ் அதை எல்லாம் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது புள்ளி வடக்கே, ஒரு பெயரில்லாத சரிவுக்கு மேலே. நிகிஃபோர் தும்மிய இடம். பழைய கணக்கில் நூற்றுத் தொண்ணூறு வந்திருந்தது. எப்படியும் அது தும்மலால்தான் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். அன்தோனிதா ஐந்து மீட்டர் தளர்த்தி விட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். குறிப்பேட்டில் அசையவில்லை என்று எழுதினாள்.

அன்று மாலை கூடாரத்தில் சஸோனோவ் கணக்குப் போட்டார்.  இன்னொரு முறை போட்டார். பிறகு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். இருநூற்றுப் பதினாறு.

"அசையலையே?" என்றார்.

"அசையல."

"உறுதியா?"

"வெனியமின் அர்க்காதியெவிச், எழுதியிருக்கேன்ல."

மறுநாள் காலை அதற்கு நாற்பது மீட்டர் தள்ளி இன்னொரு ஓட்டை போட்டார்கள். இருநூற்று மூன்று. எதிர்ப்பக்கம் இன்னொன்று. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. நிகிஃபோர் லாரியிலிருந்து இறங்கிப் பனியில் குதிக்கப் பார்த்து, முதுகு பிடித்துக்கொண்டு அப்படியே லாரியில் சாய்ந்து நின்றான். ரிம்மா அவனை உள்ளே ஏற்றி உட்கார வைத்தாள்.

ஆனால் இந்த முறை கலம் எதுவும் வரவில்லை. ஒரு முறை சூடுபட்ட மாஸ்கோ, மறுபடி எழுதிய கடிதங்களுக்கு நிதானமாகப் பதில் போட்டது. மூன்று வருடத்தில் பதில் போடுவதற்கு அந்த நாடே இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் கப்பலுக்கு டீசல் இல்லை. ஒரு குளிர்காலத்தில் லாரிக்கும் இல்லை. நாய்வண்டிக்காரன் ஒருவனைப் பிடித்து, ஈட்டியைக் கழற்றித் துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டு போய் ஐந்து புள்ளி அளந்தார்கள். குழுவில் பாதிப் பேர் சந்தையில் கடை போட்டார்கள். ரிம்மா சீனத்துக் கம்பளிக் காலுறை விற்றாள். அன்தோனிதா போகவில்லை. மத்வேய்க்கு ரேடியோ வேலை இருந்தது, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. மீன் தீவிலிருந்து தம்பி அனுப்பினான். சஸோனோவ் 1999-ல் மாரடைப்பில் இறந்தார். அவர் மேஜையை ஒழித்தபோது ஸுர்கான் சுருள் பூட்டிய இழுப்பறையில் இருந்தது. அதை என்ன செய்வதென்று கேட்டார்கள். மற்ற சுருள்களோடு அலமாரியில் வைக்கச் சொன்னாள்.

2006-ல் அவள் ஓய்வு பெற்றாள். மத்வேய்க்கும் அவளுக்கும் லிஸ்த்வியன்காவில் ஏரியைப் பார்த்த சின்ன வீடு. கோடையில் சுற்றுலாக்காரர்களுக்குப் புகையூட்டிய மீன் விற்பாள், பேரம் பேசுகிறவர்களைத் துரத்துவாள்.

2010 ஆகஸ்டில் குழுவின் இப்போதைய தலைவி, முன்பு சஸோனோவின் மாணவியாக இருந்தவள், போன் பண்ணினாள். ஆளில்லாத கேமரா ஒன்றை வடக்குச் சரிவுப் புள்ளியில் இறக்கினார்களாம். அன்தோனிதா பஸ் பிடித்து இர்குத்ஸ்க் போனாள். கணினியில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வெகு நேரம் வெறும் சேறு. பழுப்புச் சேறு, அங்கங்கே ஒரு பஞ்சுயிரி, ஒரு வெள்ளை இறால். பிறகு சேற்றின்மேல் வெள்ளைப் பாசி மாதிரி ஒன்று படர்ந்திருந்தது, அதற்கு மேலே தண்ணீர் நடுங்கியது, வெயிலில் தார்ச்சாலைக்கு மேலே காற்று நடுங்குகிறதே அந்த மாதிரி. சுற்றிலும் தண்ணீர் மூன்றரை டிகிரி. அந்த நடுக்கத்துக்குள் பதினொன்று, சஸோனோவ் தேடிய ஊற்று.

அவள் இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தாள். கண் கலங்கியது என்று தலைவி பிறகு ரிம்மாவிடம் சொன்னாளாம். அன்தோனிதா மறுத்தாள், கணினி வெளிச்சம் கண்ணைக் கூசியது என்றாள்.

ஊர் திரும்பியதும் நேரே நிகிஃபோர் வீட்டுக்குப் போனாள். அவனும் லிஸ்த்வியன்காவில்தான், நாலு தெரு தள்ளி. எண்பதை நெருங்கியிருந்தான், முதுகு முற்றிலும் கூனிவிட்டது, காதும் மந்தம். விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, சத்தம் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பதினொரு டிகிரி என்பதை மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது.

நிகிஃபோர் விறகைக் கீழே போட்டான். "அப்ப அது என் புள்ளி!"

"உன் புள்ளியா? நீ தும்மின புள்ளி!"

"தும்மினா என்ன? முதல்ல குத்தினது யாரு? நானு. 1979-ல. நூத்தித் தொண்ணூறுன்னு அப்பவே வந்துச்சு. நான் அன்னைக்கே சொன்னேன், இங்க என்னமோ இருக்குன்னு."

"யார்கிட்ட சொன்ன? வாயைத் தொறக்கவே உனக்கு எட்டு வருஷம் ஆச்சு!"

"உனக்கு ஒரு வருஷம் ஆகல?"

"ஒரு வருஷம் எங்க, எட்டு வருஷம் எங்க?"

உள்ளிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்து, யார் செத்துட்டாங்க இப்படிக் கத்தறீங்க என்று கேட்டாள். யாரும் சாகவில்லை என்று அன்தோனிதா சொன்னதும், அப்படியென்றால் உள்ளே வந்து சண்டை போடுங்கள், அக்கம்பக்கத்தில் பார்க்கிறார்கள் என்று வேலிக் கதவைத் திறந்துவிட்டாள். அன்தோனிதா உள்ளே போனாள். பாலூற்றிய டீயும் புளிப்பு ரொட்டியும் வந்தன. வரைபடத்தில் அந்தப் புள்ளிக்கு யாருடைய பெயரை வைப்பது என்று இருட்டும்வரை சண்டை போட்டார்கள். நிலையத்தில் அதற்கு ஏற்கெனவே சஸோனோவ் சரிவு என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்பதை அவள் கடைசிவரை அவனிடம் சொல்லவில்லை.